உனக்கொண்டு எனக்கொண்டு

ரொறன்ரோ
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் சுலக்சனுக்கு அம்மா எழுதுவது,

நேற்று நான் சொல்லாமல் விட்டது ஒரேயொரு வசனம். "ஜூலி நல்ல பிள்ளை, அவளோடு இருந்தால் நிலக்சி சிரிக்கிறாள்" என்று சொல்லியிருந்தால் போதும். வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்புகிற ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் என் வேலையிடத்துக்குப் போன் எடுத்து, ஜூலி எங்களிடம் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள், விசாரிப்பதற்கு உங்கள் பெயரைத்தான் தந்திருக்கிறாள், அவளைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். பெரும்பாலும் நேரத்துக்கு வருவாள் என்றேன். வேறு ஏதாவது என்றாள். வேலை சுத்தம் என்றேன். உங்கள் மகளைப் பார்க்கத் திரும்பவும் அவளை எடுப்பீர்களா என்று கேட்டாள். எனக்கு முன்னால் பல் வைத்தியரின் கதிரைகளில் இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள், நான் அவர்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள், பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டாள். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை மகன். அதுதான் எனக்கு இன்னும் கூசுகிறது.

இப்படியா ஒரு கடிதத்தைத் தொடங்குவது என்று நினைப்பாய். சுகம் கேட்ட பிறகுதான் மற்றக் கதை என்று எனக்கும் தெரியும், ஆகவே இப்போது கேட்கிறேன். உடம்பு எப்படி, அந்த இருமல் விட்டதா, ஹலிஃபாக்ஸ் காற்றுக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலமாகத்தான் இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் நோ குறைந்தபாடில்லை, ஆனால் லொறி ஓட்டுவதைக் கொஞ்சம் குறையுங்கள் என்றால் வேறு கதைக்குப் போய்விடுகிறார். எங்கள் கட்டடத்தில் ஒரு எலிவேற்றர் போன கிழமையிலிருந்து நிற்கிறது, மற்றதற்குக் காத்து நிற்கும் கூட்டத்தில் நிலக்சியின் சக்கர நாற்காலிக்கு யாரும் வழி விடுவதில்லை, எங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் பகுதி மாறவில்லை. நிலக்சிக்குப் பதினெட்டு முடிந்த கையோடு நாடியில் இரண்டு பரு வந்திருக்கிறது, கண்ணாடியில் காட்டச் சொல்லிப் பெருமையாகப் பார்க்கிறாள்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ போன் எடுப்பதில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அடிக்கடி எடுக்கிறாய், ஆனால் அது ஜூலியின் போனுக்கு வருகிறது. பள்ளி விட்டு வந்த தங்கச்சியைப் பார்க்கலாம், அவள் சிரிப்பாள், நீ சிரிப்பாய், நியாயம்தான். நான் ஆறு மணிக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்க ஜூலி சொல்வாள், "அக்கா, சுலக்சன் எடுத்தவன், சோதினை நல்லாச் செய்தவனாம், உங்களைச் சுகம் கேட்டவன்" என்று. என் மகன் சோதனை நன்றாகச் செய்தான் என்பதை அவள் எனக்கு அறிவிக்கிறாள். நான் "அப்பிடியே" என்று சொல்லிவிட்டுப் போய்க் கேத்திலை வைக்கிறேன். அதனால்தான் கடிதம். இது நேரே உன் கைக்கு வரும், நடுவில் நின்று யாரும் வாசித்துச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் இதைக் கதைக்கவும் முடியாது, எங்கே நின்று கதைத்தாலும் நிலக்சிக்குக் கேட்கும், அவளுக்கு எல்லாம் விளங்கும், வாய்தான் வராது.

ஜூலி எப்படி வந்தாள் என்பது உனக்குத் தெரியும், நான் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது தெரியாது. நீ படிக்கப் போன பிறகு பின்னேரங்களில் தங்கச்சியைப் பார்க்க ஆளில்லாமல் நான் அலைந்துகொண்டிருந்தபோது, நான்காம் மாடிக் கிளடிஸ் அன்ரிதான் தன்னுடைய மாதா கோயிலுக்கு வருகிற ஒரு பெட்டை இருக்கிறாள், மன்னார்ப் பக்கம், முந்தி படுக்கையில் கிடந்த ஒரு வருத்தக்காரரைப் பார்த்த பழக்கம் இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு வந்தார். கிளடிஸ் அன்ரி சொன்னால் போதும் என்று அன்றைக்கே எடுத்துவிட்டோம். ஒரு துண்டுத் தாள் கேட்கவில்லை. வாசலிலேயே "அக்கா" என்று கூப்பிட்டவளிடம் பொலிஸ் அத்தாட்சி எங்கே என்று எப்படிக் கேட்பது, நாங்கள் முறை சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு பத்திரம் கேட்பது முகத்தில் அடிப்பது போலத்தானே. அப்பா அவளுக்கு ராகுலன் அண்ணை. "அப்ப நீ நிலக்சிக்குச் சித்தியெல்லோ" என்று அப்பா பகிடி விட, "ஐயோ அண்ணை, சித்தி எண்டால் கிழவி மாதிரி இருக்கு, எனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை, அக்கா எண்டே இருக்கட்டும்" என்றாள். இப்படி அவளுக்கு நான் அக்கா, என் மகளுக்கு அவள் அக்கா, ஒரு வீட்டில் இரண்டு இடம் பிடித்துவிட்டாள். கிழமைக்கு ஒரு நிறம் நகத்துக்கு, அதே நிறம் நிலக்சியின் நகத்துக்கும். வாசலில் இருந்தே பாட்டுப் பாடிக்கொண்டு வருவாள். அவளுக்கு இருபத்தாறு. இருபத்தாறில் எனக்கு ஏழு வயதில் நீ, ஐந்து வயதில் இவள், ஆஸ்பத்திரிக் கதிரைகளில் இருந்தே புத்தகங்களை வாசித்து முடித்தேன். அந்த வயதில் நான் யாரையாவது சிரிக்க வைத்ததாக நினைவில்லை. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை என்பதை நானே சில வேளை கணக்குப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

நிலக்சிக்குச் சாப்பாடு தீத்துவது எவ்வளவு பாடு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நான் தீத்தினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள், நானும் நின்ற நிலையில் கெஞ்சி, வெருட்டி, கடைசியில் பாதியைக் கொட்டுவேன். ஜூலி தனக்கும் ஒரு கோப்பையில் சாப்பாடு போட்டுக்கொண்டு, உன்னுடைய கதிரையை இழுத்து, அவளுக்கு நேரே இருப்பாள். "உனக்கொண்டு, எனக்கொண்டு" என்று அவளுக்கு ஒரு கரண்டி, தனக்கு ஒரு வாய். நிலக்சி ஜூலியின் வாயையே பார்த்துக்கொண்டு மெல்லுவாள், அவள் விழுங்க இவளும் விழுங்குவாள். கறி உறைத்தால் ஜூலி நாக்கைத் தொங்கப்போட்டு நாய் மாதிரி மூச்சு வாங்குவாள், அதற்கு நிலக்சி போடுகிற சத்தம் எலிவேற்றர் வாசல் வரைக்கும் கேட்கும். ஒரு நாள் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்றேன். நான் உள்ளே போனால் அது நின்றுவிடும் என்று தெரியும். பிறகு போனேன். நின்றுவிட்டது. பிள்ளை வடிவாய்ச் சாப்பிடுகிறாள், உடம்பு பிடித்திருக்கிறது என்று பார்க்கிற எல்லாரும் ஜூலியிடம் சொல்கிறார்கள். சமைக்கிறது நான்.

அடுத்தது குரல். படத்தைத் தொட்டால் நிலக்சிக்காகக் கதைக்கிற அந்த ரப்லெற் இவ்வளவு காலமும் ஆங்கிலத்தில்தான் கதைத்தது, விமான நிலையத்தில் அறிவிக்கிற பெண் மாதிரி ஒரு குரல். தமிழில் பதியலாம் என்று எனக்குத் தெரியும், ஓய்வாக ஒரு நாள் வரட்டும் என்று வருசக்கணக்காய் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூலி ஒரே பின்னேரத்தில் எல்லாப் படத்துக்கும் பதிந்துவிட்டாள். நான் வேலையால் வந்து கதவைத் திறக்க, "அம்மா வந்திட்டா" என்று ஒரு குரல் வந்தது, நிலக்சி கையை ரப்லெற்றில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். பதினெட்டு வருசத்தில் என் பிள்ளை எனக்குத் தமிழில் சொன்ன முதல் வசனம் அது, ஜூலியின் குரலில். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். நான் சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஜூலி தானும் கூடச் சேர்ந்து அழுதாள். அன்றிலிருந்து பசிக்குது என்பதும், தலையை இழுக்காதேங்கோ என்பதும், ரி.வியைப் போடுங்கோ என்பதும், உனக்கொண்டு எனக்கொண்டு என்பதும் எல்லாம் அவள் குரல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் "அம்மா, தண்ணி" என்பதை மட்டும் அழித்துவிட்டு என் குரலில் பதிந்தேன். நிலக்சி அழுத்தினாள். என் குரல் என்னையே அம்மா என்று கூப்பிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை, நான் எங்கே நின்று கதைக்கிறேன் என்று தலையைத் திருப்பித் தேடினாள். பிறகு அந்தப் படத்தைத் தொடவேயில்லை, தாகத்துக்கு முனகிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் நான் ஜூலியிடம், தவறுதலாய் அழிபட்டுப் போச்சு, திரும்பப் பதிஞ்சு தாரும் என்று கேட்க வேண்டியதாயிற்று. "அதுக்கென்ன அக்கா" என்று நின்ற நிலையிலேயே பதிந்தாள். ஏன் அது ஒன்று மட்டும் அழிந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

இதற்குப் பெயர் பொறாமை. அதைப் பற்றி எத்தனையோ புத்தகங்களில் வாசித்திருக்கிறேன், அங்கே அது பெரிய காதலுக்கும் பெரிய சொத்துக்கும் வரும், எனக்கு வந்தது ஒரு கரண்டிப் பிட்டுக்கு. இந்த நேரத்தில்தான் நிலக்சிக்கு அரசாங்கம் தருகிற உதவிப்பணம் பெரியவர்களுக்கான திட்டத்துக்கு மாறியது. அதைக் கொண்டு பதிவு செய்த நிறுவனம் ஒன்றிலிருந்து ஆள் எடுக்கலாம், அல்லது உங்களுக்குத் தெரிந்த ஒருவரை நீங்களே பிடிக்கலாம், தெரிவு குடும்பத்துடையது என்றார்கள். நான் இரண்டு பக்கத்தையும் உட்கார்ந்து வாசித்தேன், இரண்டிலும் நியாயம் இருந்தது. நிறுவனம் என்றால் பொலிஸ் பதிவு பார்த்திருப்பார்கள், முதலுதவி பழக்கியிருப்பார்கள், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார், பிள்ளை விழுந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும். போன மாசியில் ஜூலியின் கார் பனிக்குள் நின்றுபோய், பள்ளி வான் சாரதி நிலக்சியைத் திரும்பக் கொண்டுபோவதா கீழே வைத்துக்கொண்டு நிற்பதா என்று எனக்குப் போன் எடுத்த அன்றைக்கு நான் பட்டது உண்மையான பயம், அதை யாரும் பொறாமை என்று சொல்ல முடியாது. தெரிந்த ஆள் என்றால் ஒரே முகம் வரும், தமிழ் இருக்கும், வீட்டில் ஒருத்தியாய்ச் சாப்பிடும். அப்பா ஒரேயடியாக ஜூலி பக்கம். "பதிஞ்ச ஆக்கள், பதிஞ்ச ஆக்கள் எண்டு நிக்கிறீர், அந்தப் பிள்ளையில என்ன குறை கண்டனீர்" என்று கேட்டார். ஒரு குறையும் இல்லாததுதான் எனக்குக் குறை என்று நான் சொல்லவில்லை. காப்புறுதி என்றேன். பொறுப்பு என்றேன். நான் வாசித்ததெல்லாம் அன்றைக்கு எனக்கு நன்றாய் உதவியது.

பிறகு ஜூலியிடமே சொன்னேன், "இனிப் பதிவில்லாமல் வைச்சிருக்க ஏலாது ஜூலி, ஒரு நிறுவனத்தில சேர்ந்து அவையள் அனுப்பினால் வாரும்" என்று. அந்த நிறுவனத்தின் பெயரையும் நானே சொன்னேன். அவள் முகம் கோணும், இவ்வளவு நாளைக்குப் பிறகு என்னிட்டப் பத்திரம் கேக்கிறியளோ என்று கோபித்துக்கொண்டு தானாகப் போவாள், நான் நிறுத்தினேன் என்று இருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் நிலக்சியின் தலைமயிரைப் பின்னிக்கொண்டே, "ஓம் அக்கா, அதுவும் சரிதான், எனக்கும் ஒரு வழி, எத்தினை நாளைக்கு இப்பிடித் திரியிறது" என்றாள். அன்றைக்கே போனில் தேடத் தொடங்கிவிட்டாள். விசாரிக்க ஒரு பெயர் வேண்டும், உங்கட பெயரைக் குடுக்கட்டோ என்று கேட்டாள். வேறு ஆரும் இல்லையோ என்றேன். "உங்களை விட என்னைத் தெரிஞ்ச ஆர் அக்கா இருக்கினம்" என்றாள். நேற்றைய போன் அதுதான். வீட்டுக்கு வந்ததும், "கோல் வந்ததோ அக்கா" என்று ஆசையாய்க் கேட்டாள். வந்தது, சொன்னனான் என்றேன். "தாங்ஸ் அக்கா" என்று என் தோளைப் பிடித்து அமத்திவிட்டுப் போனாள். அவள் கைக்கிறீம் வாசம் என் சட்டையில் இருந்தது, நிலக்சியின் தலையணையிலும் அதே வாசம்தான்.

வியாழக்கிழமை. கடிதத்தை அப்படியே மடித்து வைத்திருந்தேன், இப்போதுதான் தொடர்கிறேன், நேற்று நடந்ததையும் எழுதாமல் இதை அனுப்ப முடியாது. நேற்று ஜூலிக்கு முதலுதவி வகுப்பு. நான் ஏற்கெனவே கேட்டிருந்தபடி அதே நிறுவனம் பழகிப் பார்ப்பதற்கு ஒருவரை அனுப்பியது, நானும் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வந்தவர் நடுத்தர வயதுப் பெண், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, நிலக்சியின் கண்ணுக்கு நேரே குனிந்து, தன் பெயரைச் சொல்லி, அவள் கை எழும்பி வரும்வரைக்கும் பொறுத்திருந்து கைகொடுத்தார். எத்தனை பேர் அப்படிப் பொறுப்பார்கள். நாற்காலியின் பட்டி ஒன்று அழுத்துவதைத் தானே கண்டு தளர்த்தினார். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு சந்தோசம் வந்தது மகன், அதை உனக்கு மறைக்கவில்லை. ஆள் நல்லவர், பிள்ளைக்குப் பாதுகாப்பு, ஆனால் இவரோடு நிலக்சி அப்படிச் சிரிக்க மாட்டாள் என்ற சந்தோசம்.

சாப்பாட்டுக்கு நேரம் வந்தது. நிலக்சி வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் அவசரப்படவில்லை, கரண்டியை வைத்துவிட்டு ரப்லெற்றைக் கிட்டக் கொண்டுபோய்க் கொடுத்தார். நிலக்சி கையைக் கஷ்டப்பட்டு நகர்த்தி ஒரு படத்தை அழுத்தினாள். "ஜூலி அக்கா எங்க" என்று ஜூலியின் குரல் வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்து என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான், தண்ணீர் கேட்கிறாள் என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் திறந்தது, அது வந்தது. அவர் உடனே தண்ணீர் எடுத்து நீட்டினார். நிலக்சி தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். திரும்பவும் அழுத்தினாள், ஜூலி அக்கா எங்க. அவர் திரும்பவும் தண்ணீரை நீட்டினார். பாவம், அவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார். இன்னும் ஒரு தரம் அழுத்தினாள், பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு படுக்கும்வரை அவள் ரப்லெற்றைத் தொடவில்லை. தொட்டு என்ன, அவள் ஒன்று சொல்ல அம்மா வேறொன்று சொல்லப்போகிறாள். இவ்வளவு காலமும் எத்தனை வைத்தியருக்கு, எத்தனை ஆசிரியருக்கு, அவள் கண் போகிற இடம் பார்த்து, அவள் முனகலின் ஏற்ற இறக்கம் பார்த்து, இவள் சொல்வது இதுதான் என்று நான் சொல்லியிருக்கிறேன், ஒரு தரம்கூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது. என் பிள்ளைக்கு வாய் நான்தான் என்று. அந்த வாயாலேயே அவள் வாயை மூடிவிட்டேன்.

இன்று காலை வேலையிடத்து மாடிப்படியில் போய் நின்று, திங்கட்கிழமை பேசின பெண்ணுக்கு நானே போன் எடுத்தேன். சொல்லாமல் விட்ட வசனத்தைச் சொன்னேன். அவளோடு இருந்தால் என் மகள் சிரிக்கிறாள், சாப்பிடுகிறாள், அவளை நான் திரும்பவும் எடுப்பேன் என்றேன். அந்தப் பெண், நல்லது நீங்கள் எடுத்தது, உங்கள் மௌனத்தை நான் வேறு விதமாக எடுத்துக்கொண்டேன், இன்றைக்கு முடிவு செய்ய இருந்தோம் என்றாள். வேலை கிடைத்தால் ஜூலியை உங்கள் வீட்டுக்கே அனுப்பலாமா என்று கேட்டாள். ஓம் என்றேன், அவளுக்கு விளங்காது என்று பிறகுதான் நினைவு வந்து ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னேன். வீட்டுக்கு வந்து நிலக்சியின் முன்னால் குந்தி இருந்து, "நேற்று அம்மா பொய் சொன்னனான், நீ ஜூலி அக்காவைத்தான் கேட்டனி, எனக்குத் தெரியும்" என்றேன். கனநேரம் பார்த்தாள். பிறகு கையை மெல்ல மெல்லக் கொண்டுபோய் ரப்லெற்றில் ஒன்றை அழுத்தினாள். "அம்மா, தண்ணி" என்றது. நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். வாயை மூடிக்கொண்டு, கண்ணால் சிரிக்கிறாள். பகிடி விடுகிறாள் உன் தங்கச்சி, என்னை. உன்னுடைய பழக்கம்தான் அது.

ஆகவே இரண்டும் கிடைக்கப்போகிறது மகன், பதிவும் இருக்கும், ஜூலியும் இருப்பாள். அப்பா முழங்கால் நோகூட இன்றைக்குக் குறைந்துவிட்டது போல நடக்கிறார். எனக்குப் பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே, போகவில்லை, அதோடு எப்படி ஒரு வீட்டில் இருப்பது என்று பார்க்கிறேன். நீ குளிர்ச் சப்பாத்து வாங்காமல் பழையதோடு சமாளிக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், யார் சொன்னது என்று எழுதத் தேவையில்லை, கட்டாயம் வாங்கு. நூடில்ஸ் சாப்பிடுவதைக் குறைத்து ஒரு நேரமாவது சோறு வை, பார்சலில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் வைக்கிறேன், வடையைக் கூட்டாளிமாருக்கும் கொடு. இரவில் விழித்திருந்து படிக்காதே, காலையில் எழும்பிப் படி. உன் படிப்பும் உடம்பும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று நிலக்சியின் பக்கத்தில் இருந்து தினமும் கும்பிடுகிறேன், அவளும் கண்ணை மூடுகிறாள், யாருக்காகக் கும்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியாது, உனக்காக என்றே வைத்துக்கொள். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. ஜூலியின் போனுக்கு எடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடைய போனுக்கு எடு. எடுத்ததும் தங்கச்சியைக் காட்டுங்கோ என்று கேட்காதே. முதலில் கொஞ்ச நேரம் என்னோடு கதை.

என்றும் உன்னை நினைத்தபடி,
அம்மா

பி.கு. மிளகாய்த்தூள் அரைபட்டு வரச் சுணங்கியதால் பார்சலும் கடிதமும் இத்தனை நாள் இங்கேயே கிடந்தன. இரண்டு கிழமை போய்விட்டது, இன்று சனிக்கிழமை. ஜூலிக்கு வேலை கிடைத்து, இன்றுதான் முதல் தரம் நிறுவனத்தின் ஆளாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் படம் போட்ட அட்டை, நகங்களில் நிறம் இல்லை. கூட வந்த மேற்பார்வையாளருக்கு முன்னால் என்னை "மிஸிஸ் ராகுலன்" என்றாள், அவர் போன பிறகும் வாய்ப் பழக்கத்தில் ஒரு தரம் அப்படியே சொல்லிவிட்டு, "சொறி அக்கா" என்றாள். வேலை நேரத்தில் சொந்தப் போன் பாவிக்கக் கூடாதாம், ஆகவே நீ இனி அவளுக்கு எடுக்க முடியாது. வேலை செய்கிற வீட்டில் சாப்பிடவும் கூடாதாம். நான் இரண்டு கோப்பையில் போட்டு வைத்திருந்தேன். "ஏலாது அக்கா, கையெழுத்து வைச்சிட்டன்" என்று சொல்லி, நிலக்சிக்கு மட்டும் கரண்டியை நீட்டினாள். நிலக்சி ஜூலியின் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஜூலி வெறும் வாயை மென்று காட்டினாள். நிலக்சி வாய் திறக்கவில்லை. ரப்லெற்றை அழுத்தினாள், "உனக்கொண்டு எனக்கொண்டு" என்று ஜூலியின் குரல் வந்தது, ஜூலி நிலத்தைப் பார்த்தாள். நான் மற்றக் கோப்பையை எடுத்துக்கொண்டு உன்னுடைய கதிரையில் போய் இருந்தேன். ஜூலி பக்கத்தில் நின்று அவளுக்கு ஒரு கரண்டி தீத்த, நான் ஒரு வாய் சாப்பிட்டேன். நிலக்சி கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்தாள், பிறகு திறந்தாள். கோப்பை முடிந்தது. இடைவேளைக்கு ஜூலி கீழே போய், தன்னுடைய காருக்குள் இருந்து, கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.